பிழை நேர்ந்த விதம்

1

கதை எழுதும் உத்தேசமே எனக்கு இல்லை. எழுத உட்கார்ந்தது ஒரு படிவம். எங்கள் அலுவலகம் சட்ட அவைக்கு அனுப்பிய அறிக்கையில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ள ஒரு படிவம் உண்டு. ஐந்து கட்டங்கள். எந்தப் பக்கம், இப்போது என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், பிழை நேர்ந்த விதம், பொறுப்பான அலுவலரின் பெயரும் கையெழுத்தும். முதல் மூன்று கட்டங்களை நான்கு நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். நான்காவதில் பேனா நின்றது. சும்மா உட்கார்ந்திருந்தால் எதிரே இருப்பவர் கவனிப்பார் என்பதால், மேசையில் கிடந்த பழைய அச்சுத்தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு அதன் வெள்ளைப் பக்கத்தில் ஏதோ எழுதத் தொடங்கினேன். அதுதான் இது.

எதிரே இருப்பவர் ஒரு பெண். படிவம் அவருக்காகத்தான். நான் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நம்பி, நான் தலை நிமிரும்போதெல்லாம் தொந்தரவு செய்யக் கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை, பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் மூன்று ஏசி பெட்டிகளும்தான்.

இப்போது மணி இரண்டே முக்கால். அவைச் செயலகத்துக்குப் போகும் தபாலை வாங்கும் சாளரம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். நாளைக் காலை இந்த ஆண்டின் அறிக்கை அச்சுக்குப் போகிறது. அதற்குள் படிவம் போய்ச் சேராவிட்டால் இந்தப் பெண்ணின் அலுவலகம், அதாவது ஒரு அறை, மாதக் கடைசியில் இல்லாமல் போகும். இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் நான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னைப் பற்றி உங்களுக்கு இதற்குள் ஓர் அபிப்பிராயம் வந்திருக்கும். இருக்கட்டும்.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியாது. அறிக்கையைத் தொடங்கத் தெரியும். இருபத்தாறு தொடங்கியிருக்கிறேன், எல்லாம் ஒரே வாக்கியத்தில்: "பொதுச் சேவைக்கும் பொருளாதார மேம்பாட்டுக்குமான முகமை தனது ஆண்டறிக்கையை மாண்புமிகு அவையின் முன் வைப்பதில் பெருமிதம் கொள்கிறது." பெருமிதம் கொள்வது யார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அதை அடிக்கும்போது எனக்கு வழக்கமாக இடுப்பு வலிக்கும்.

தொடக்கம் ஒன்று: "மலைக்குப் பின்னால் கல்குவாரியின் வெடிச் சத்தம் அடங்கியதும் தூசி மெல்ல மெல்ல" (நிறுத்திவிட்டேன். நான் அந்த மலையைப் பார்த்தது கிடையாது. எனக்கு அது பதினேழாவது வரி.)

தொடக்கம் இரண்டு: "அவர் கண்களில் ஒரு" (ஒரு என்ன? நான் அவர் கண்களைப் பார்க்கவில்லை. பார்க்க முடிந்திருந்தால் படிவத்தையே முடித்திருப்பேன்.)

தொடக்கம் மூன்று: "ஓர் அட்டவணை இருந்தது."

இது நம் கைக்கு வருகிறது. இதையே வைத்துக்கொள்ளலாம்.

3

ஓர் அட்டவணை இருந்தது. ஆறாம் அத்தியாயம், மூன்றாம் அட்டவணை, முகமையின் சேவை நிலையங்கள். நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். ஒரு அறை, ஒரு கணினி, விரல் ரேகை வைக்கும் கருவி ஒன்று, ஒரு ஆள். பிறந்ததற்குச் சான்று, இறந்ததற்குச் சான்று, இடையில் வேலைக்குப் பதிவு, சிறுதொழில் விண்ணப்பம், நோய் உதவி. அப்படி நாற்பத்திரண்டு நிலையங்கள், ஆளுக்கு ஒரு வரி. ஊர்ப் பெயர்கள் எங்கள் வாயில் நிற்காது. இந்த அலுவலகத்தில் அவர்களை வரிசை எண்ணால்தான் சொல்வோம். "முப்பது போன் பண்ணினார்." "எட்டுக்குக் குழந்தை பிறந்திருக்காம்."

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல். அறிக்கை அச்சுக்குப் போக ஒரு மணி நேரம் இருந்தது. அட்டவணையைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டு வந்தபோது பதினேழாவது வரி அகரவரிசை தப்பி நிற்பது கண்ணில் பட்டது. இரண்டு வரி மேலே இருக்க வேண்டியது. எனக்கு அது பொறுக்காது. கணினியில் அந்த வரியை வெட்டினேன். வெட்டினால் போய்விடாது, கணினி அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும், வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டப் போகிறேன், இன்டர்காம் அடித்தது. இயக்குநர். முன்னுரையில் ஒரு வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது, முடிவுரையிலும் அதைப் போட்டுவிடுங்கள் என்றார். போட்டேன். அதாவது, அந்த வாக்கியத்தை நகலெடுத்துக் கீழே கொண்டுபோய் ஒட்டினேன். கணினிக்கு ஒரு கைதான். புதிதாக ஒன்றைக் கொடுத்தால் பழையதைப் போட்டுவிடும்.

நகலெடுத்த வாக்கியம் இது: "எமது சேவைகள் எவரும் விடுபடாமல் அனைத்துப் பகுதிகளையும் சென்றடைந்துள்ளன."

(கதை எழுதுகிறவன் என்றால் இதை மாற்றியிருக்க வேண்டும். இவ்வளவு பொருத்தமாக இருந்தால் வாசகர் நம்ப மாட்டார். வேறு வாக்கியம் ஒன்றை யோசித்தும் பார்த்தேன். ஆனால் அந்த முடிவுரை அச்சில் இருக்கிறது, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். எனக்குப் பொய் சொல்ல வேறு இடங்கள் இருக்கின்றன.)

வரிசை எண்கள் தானாக மாறிக்கொள்ளும்படி அமைத்து வைத்திருந்தேன், என் சாமர்த்தியம் அது. பதினெட்டு பதினேழானது, பத்தொன்பது பதினெட்டானது, பட்டியல் நாற்பத்தொன்றில் முடிந்தது. அடியில் மொத்தம் மட்டும் கையால் அடித்தது, அது நாற்பத்திரண்டாகவே நின்றது. அடுத்த ஆண்டு அறிக்கையை எப்படி எழுதினோம் என்று கேட்கிறீர்களா? எல்லா ஆண்டும் எழுதுகிற மாதிரிதான். போன ஆண்டின் கோப்பைத் திறந்து, ஆண்டை மாற்றினோம்.

4

எங்கள் அறிக்கைகளை யாரும் படிப்பதில்லை என்பது எங்களுக்கு ஒரு பெரிய ஆறுதல். அதைக் கெடுத்தவர் ஒரே ஒருவர். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து அவைக்குப் போன ஓர் உறுப்பினர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'கூட்டல்'. வாக்கியங்களை அவர் தொடுவதே இல்லை. அட்டவணைகளை மட்டும் பென்சிலோடு உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரிடமிருந்து எழுத்துமூலக் கேள்வி வந்தது. பட்டியலில் நாற்பத்தொரு நிலையங்கள் உள்ளன, மொத்தம் நாற்பத்திரண்டு என்று போட்டிருக்கிறீர்கள், எது சரி?

இயக்குநர் அறையில் கூடினோம். அவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கெட்டவர் என்று எழுதினால் கதைக்கு வசதி, ஆனால் அப்படி இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான்.

"வரியில தப்பா, மொத்தத்துல தப்பா?"

"பார்க்கணும் சார்" என்றேன்.

"சரி, வரியைச் சேர்த்தா என்னென்ன மாறும்?"

"போன வருஷ அறிக்கையும் மாறும் சார். ஆறாம் அத்தியாயத்துல பதினோரு அட்டவணை, ரெண்டு வரைபடம். எல்லாத்துக்கும் தனித்தனியா திருத்தம் அனுப்பணும்."

"மொத்தத்தை மாத்தினா?"

"ஒரு எண்."

"ஒரு எண்கூட முழுசா இல்ல சார்" என்றார் பக்கத்தில் இருந்த துணை இயக்குநர். "நாலு அப்படியே இருக்கும். ரெண்டை ஒண்ணாக்கணும்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பதிலை நான்தான் எழுதினேன்: "மொத்தம் 42 என்பது தட்டச்சுப் பிழை. 41 எனத் திருத்தி வாசிக்குமாறு மாண்புமிகு உறுப்பினர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்." கூட்டல் திருப்தியடைந்தார். அவருக்கு வேண்டியது கணக்கு சரியாக வருவது. வந்துவிட்டது.

அவையில் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. கணினிப் பிரிவு நாற்பத்தொரு கடவுச்சொற்களைப் புதுப்பித்தது. தாளும் மையும் நாற்பத்தொரு பொட்டலங்களாகப் போயின. கடைசியாகக் கட்டடப் பிரிவு விழித்துக்கொண்டு, மலைக்குப் பின்னால் முகமையின் பெயரில் ஓர் அறை சும்மா கிடப்பதாகக் கண்டுபிடித்தது.

(அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். அது வேறு துறையின் பட்டியல். அதை வேறொருவர் தட்டச்சு செய்கிறார், கவனமான மனிதர்.)

5

இப்போது பாத்திரத்தை உள்ளே கொண்டுவர வேண்டும். பாத்திரம் இரண்டு மணிக்கே வந்துவிட்டது. நாற்பது வயது இருக்கும், தோளில் துணிப்பை, பையில் ஏழு நோட்டுப் புத்தகங்கள். தன் நிலையத்தின் பெயரைச் சொன்னார்.

"அப்படி ஒண்ணு இல்லையேம்மா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எல்லாரும் அதையேதான் சார் சொல்றாங்க. ஆனா காலையில நான்தானே சார் பூட்டிட்டு வந்தேன்" என்று சாவியை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு ஒரு கடிதத்தை நீட்டினார். பயன்பாட்டில் இல்லாத கட்டடத்தின் சாவியை மாத இறுதிக்குள் ஒப்படைக்க வேண்டும், குவாரி நிறுவனம் அதைக் கிடங்காகப் பயன்படுத்திக்கொள்ளும் என்று இருந்தது.

"பயன்பாட்டில் இல்லாத கட்டடம்னு போட்டுட்டு அந்தக் கட்டடத்துக்கே தபால் அனுப்பியிருக்காங்க சார். தபால்காரர் வந்தப்ப உள்ள ஒன்பது பேர் வரிசையில நிக்கிறாங்க. நான்தான் கையெழுத்து போட்டு வாங்கினேன்."

கடவுச்சொல் செத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இவர் நிலையத்தை மூடவில்லை. வருகிற விண்ணப்பங்களையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்கிறார். வியாழக்கிழமைதோறும் நோட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் பக்கத்து நிலையத்துக்குப் போய், அங்கே அவர்கள் பெயரில் பதிவு செய்துவிட்டு வருகிறார். பக்கத்து நிலையம்தான் இப்போது பட்டியலில் பதினேழு. அதன் சேவைகள் ஓர் ஆண்டில் முப்பத்தெட்டு விழுக்காடு கூடின. போன ஆண்டு அறிக்கையில் அதைக் கட்டம் கட்டி, 'ஓர் ஊழியரின் அயராத உழைப்பு' என்று தலைப்பு வைத்தது நான். அந்த ஊழியருக்கு விருதும் கொடுத்தோம்.

"கோவம் வரலையாம்மா?"

"வராம இருக்குமா சார்? போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி திட்டினேன். அவர் பாவம், தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னார். விருதுன்னு குடுத்த சுவர்க் கடிகாரத்தை எடுத்துட்டு வந்து எனக்கே குடுத்துட்டார். அது ஓடல."

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ரொம்ப நல்லவராக வந்துகொண்டிருக்கிறார். இப்படிப்பட்டவர்களை அறிக்கையில் கட்டம் கட்டிப் போடலாம், கதையில் நிற்க மாட்டார்கள். அதனால் ஒரு குறை வேண்டும் என்று தேடினேன். நோட்டுகளைப் பிரித்துக் காட்டியபோது, "எழுத்து எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார். கொஞ்சம் கர்வம் இருக்கிறது. எழுத்து நன்றாகத்தான் இருந்தது. இந்த இடத்தில் அவரை அழ வைக்கலாமா என்றும் பார்த்தேன். அழவில்லை. "கழிப்பறை எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டுப் போய்விட்டு வந்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்து, கேட்காமலே சொன்னார்:

"எனக்கும் சுயநலம் இருக்கு சார். கல் உடைச்சு நெஞ்சு கெட்டுப்போனவங்க எங்க பக்கம் அறுபத்து மூணு பேர். நோய் உதவிக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து ரேகை வைக்கணும், உயிரோட இருக்கோம்னு. அதுல ஒருத்தர் எங்க வீட்டுக்காரர். வீட்டுல இருந்து நிலையம் அம்பது தப்படி. அதுக்கே ரெண்டு இடத்துல உக்காருவார். ரெண்டு பஸ் மாத்தி எங்க சார் கூட்டிட்டுப் போறது?"

"இப்ப எப்படிம்மா பண்றீங்க? உங்க கருவிதான் வேலை செய்யாதே."

"பக்கத்து நிலையத்துக்காரர் அவரோடதை ஒரு நாளைக்குக் குடுப்பார். மடியில வெச்சு பஸ்ல எடுத்துட்டு வந்து, எல்லாருக்கும் வெச்சிட்டு, மறுநாள் கொண்டுபோய்க் குடுத்துடுவேன். அது தப்புதான் சார். அதை எழுதிடாதீங்க."

(எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டும். உயிரோடு இருப்பதை விரல் வைத்து நிரூபிக்கிறவர்கள், இல்லையென்று எழுதப்பட்ட நிலையம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏதோ கலைநயம் போலத் தோன்றும். நான் வைக்கவில்லை. அவர் சொன்னார், எழுதிக்கொண்டேன்.)

6

மூன்று ஐம்பதுக்கு மனைவி போனில் வந்தாள். எதிரே இருப்பவருக்குக் கேட்காமல் பேச வராந்தாவுக்குப் போனேன்.

"என்னங்க, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தீங்களா இல்லையா?"

"இல்ல. ஒரு அம்மா வந்திருக்காங்க. அந்தப் பதினேழு."

"ஏழு மாசம்தாங்க இருக்கு" என்றாள்.

ஓய்வுபெற ஏழு மாதம். அவைக்குத் தவறான தகவல் கொடுத்தவர் என்று ஒருவரைக் கண்டுபிடித்தால் அவை சும்மா விடாது. உரிமைக் குழு கூப்பிடும், விசாரணை நடக்கும். விசாரணை நடக்கும்போது ஓய்வு கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. விசாரணைகள் நான்கு ஆண்டு, ஆறு ஆண்டு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் நடுவிலேயே போய்ச் சேர்ந்தார்.

"நீங்க ஒருத்தர்தான் அந்த ஆபீஸ்ல இருக்கீங்களா? எல்லாரும்தானே சேர்ந்து பண்ணினீங்க?"

"எழுதினது நான்."

"அந்தம்மா சாப்பிட்டாங்களா?"

அதை நான் கேட்கவில்லை. சொன்னேன், கேட்கவில்லை என்று.

"டப்பாவை அவங்ககிட்ட குடுங்க. அப்புறம் உங்களுக்கு என்ன தோணுதோ பண்ணுங்க. ஆனா ஒண்ணு, சாயந்திரம் வந்து என்கிட்ட புலம்பக் கூடாது. ரெண்டு வருஷமா கேட்டாச்சு, என் காது புளிச்சுப் போச்சு" என்று வைத்துவிட்டாள்.

டப்பாவைக் கொடுத்தேன். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாதியை மூடி எனக்கென்று தள்ளி வைத்தார். "நீங்க எழுதுங்க சார், நான் அவசரப்படுத்தல" என்றார்.

7

அவள் கடைசியாகச் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு ஆண்டுகளாகப் புலம்புகிறேன் என்றால், இரண்டு ஆண்டுகளாகத் தெரியும் என்று அர்த்தம். மேலே நான்காம் பகுதியில் "பார்க்கணும் சார்" என்று நான் சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். பார்த்தேனா இல்லையா என்று எழுதவில்லை. அதற்குப் பதில் எல்லோரும் சிரித்ததை எழுதினேன்.

நான்காவது கட்டத்துக்காக இதுவரை முயன்ற வாக்கியங்கள்:

"தட்டச்சு செய்கையில் ஒரு வரி விடுபட நேர்ந்தது." (அடித்துவிட்டேன். மழை பெய்தது என்பதைப் போல இருக்கிறது.)

"கணினிக் கோளாறு காரணமாக" (அடித்துவிட்டேன். கணினி பாவம், சொன்னதைத்தான் செய்தது.)

"அப்போதைய இயக்குநரின் வாய்மொழி ஆணைக்கிணங்க" (அடித்துவிட்டேன். அவர் வேறு முகமைக்கு மாறிப் போய்விட்டார், அதனால்தான் அவர்மேல் போடத் தைரியம் வருகிறது.)

"விடுபட்டது எந்த நிலையம் என்பது அச்சமயத்தில் இவ்வலுவலரின் கவனத்துக்கு"

இதை முடிக்க முடியவில்லை. வந்தது. கவனத்துக்கு வந்தது. கூட்டம் முடிந்து என் இடத்துக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து, வரி விடுபடுவதற்கு முந்தைய ஆண்டின் அறிக்கையை எடுத்தேன். இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு கை விரல்களையும் ஒன்றாக இறக்கிக்கொண்டே வந்தேன். பதினேழில் விரல்கள் பிரிந்தன. பத்து நிமிட வேலை. அப்போது பதில் இன்னும் போகவில்லை. இந்த மேசையில்தான் இருந்தது. மறுநாள் காலை பதினோரு மணி வரை இங்கேதான் இருந்தது. பதினோரு மணிக்கு நானே கொண்டுபோய்க் கீழே கொடுத்தேன்.

அப்போது என்ன நினைத்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். பதினோரு அட்டவணை மாற்றும் வேலை தப்பியது என்று நினைத்தேன். அந்த வரியில் ஒரு அறையும் அறைக்குள் ஒரு ஆளும் இருப்பார்கள் என்று நினைக்கவே இல்லை. பெரிய சதி எதுவும் இல்லை. அலுப்பு. இருபத்தாறு ஆண்டு அலுப்பு. அதற்காக எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை இதுவரை மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. இந்தத் தாளிலும் சொல்வதாக இல்லை.

8

மணி நான்கு இருபது. கதையை முடிக்க வேண்டும். சில முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

முடிவு அ. புதிய இயக்குநர் கதவைத் திறந்துகொண்டு வருகிறார். படிவத்தைப் பார்க்கிறார். "நான் பார்த்துக்கிறேன் சார், பொறுப்பு என்னுடையது" என்று ஐந்தாவது கட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார். (அவர் இன்று ஒரு கருத்தரங்கில் இருக்கிறார். பொருளாதார மேம்பாடு பற்றி.)

முடிவு ஆ. கூட்டல் அவையில் எழுந்து நின்று கேட்கிறார். அவை கொந்தளிக்கிறது. வரி திரும்ப வருகிறது. (கூட்டல் போன தேர்தலில் தோற்றுவிட்டார். இப்போது எந்த மொத்தத்தையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நான் எதுவும் செய்யாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை, இதுதான் இந்தக் கதையில் எனக்கு இருக்கும் பெரிய வசதி.)

முடிவு இ. நான் நிமிர்ந்து பார்த்து, "நீங்க கிளம்புங்கம்மா, நாளைக்கு நானே அனுப்பி வைக்கிறேன்" என்கிறேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். இந்த முடிவு எனக்கு மிக நன்றாக எழுத வரும். ஆயிரம் பேரிடமாவது சொல்லிப் பழகிய வாக்கியம். சொல்கிறபோது குரலில் எங்கே கனிவு வர வேண்டும் என்பதுகூடத் தெரியும். இப்போது தொண்டை வரை வந்து நிற்கிறது.

9

நான்கு முப்பத்தைந்துக்கு அவர் எழுந்தார்.

"முடிஞ்சுதா சார்? இவ்வளவு நேரம் எழுதுறீங்களே, பெரிய வேலையா வெச்சிட்டேனோ?"

"கொஞ்சம் இருக்கும்மா."

"எழுதின வரைக்கும் பார்க்கலாமா?"

கொடுக்கக் கூடாது. தாள்களை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டிருக்கலாம். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. களைத்துப் போயிருந்தேன் என்பதுதான் உண்மைக்குப் பக்கத்தில் வரும். எட்டுப் பகுதிகளையும் கொடுத்துவிட்டு, கடைசித் தாளை மட்டும் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நின்றுகொண்டே படித்தார். மெல்லத்தான் படிக்கிறார். ஒரு இடத்தில் சிரித்தார், கடிகாரமாக இருக்க வேண்டும். ஒரு இடத்தில், "இதை எழுதாதீங்கன்னு சொன்னேனே சார்" என்றார். ஏழாம் பகுதிக்கு வந்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். அப்போதுதான் அவர் கண்களை முதன்முறையாகப் பார்த்தேன். தாளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்கதானா சார்" என்றார்.

"ஆமாம்மா."

"ரெண்டு வருஷமா நான் யாரையோ நினைச்சுத் திட்டிட்டிருந்தேன். பெரிய ஆளா இருப்பாங்கன்னு நினைச்சேன்."

பிறகு மூன்று கட்டங்கள் நிறைந்தும் இரண்டு வெறுமையாகவும் கிடந்த படிவத்தை எடுத்தார். எங்களைப் போன்றவர்கள் பார்க்காத இடத்தை, அடியில் பொடி எழுத்தில் இருப்பதை, விரல் வைத்துப் படித்தார். இரண்டு ஆண்டுகள் எல்லாவற்றையும் கையால் எழுதியவர், படிவம் படிக்கத் தெரிந்தவர்.

"இடம் போதாவிட்டால் தனித்தாளில் எழுதி இணைக்கவும்னு போட்டிருக்கு சார்." என் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டி நேராக்கினார். "இதையே இணைச்சிடலாம். நாலாவது கட்டத்துல 'தனித்தாள் காண்க'ன்னு மட்டும் எழுதுங்க. ஒவ்வொரு தாள்லயும் கையெழுத்து வேணும்."

"இது கதைம்மா."

"இதுல நடக்காதது எது சார்?"

யோசித்துப் பார்த்தேன். முடிவு அ, முடிவு ஆ, முடிவு இ. மற்றதெல்லாம் நடந்தது.

"என்னை வீட்டுக்கு அனுப்பிச்சிடுவாங்கம்மா. அதுவும் சும்மா அனுப்ப மாட்டாங்க."

"தெரியும் சார், எழுதியிருக்கீங்களே" என்றார். குரலில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. "நான் கெஞ்ச மாட்டேன். கெஞ்சினா அதையும் எழுதிடுவீங்க." மேசையில் இருந்த என் முத்திரையை எடுத்து, மைப் பெட்டியின் மூடியைத் திறந்து, இரண்டையும் என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு பழையபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மணி நான்கு நாற்பத்தெட்டு. கீழே போக நான்கு நிமிடம் ஆகும், லிஃப்ட் வேலை செய்தால் இரண்டு. எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு நேரம் எழுதியதே அந்தப் பயத்தால்தான். இன்னும் எழுதிக்கொண்டிருப்பதும் அதனால்தான். இந்த வாக்கியம் முடிந்தால் அடுத்த வேலை கையெழுத்து என்பதால் இதை இன்னும் கொஞ்சம் நீட்ட முடியுமா என்று பார்க்கிறேன், முடியவில்லை.

முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிறேன் என்று எழுதிவிட்டு நழுவலாம். ஆனால் இந்தக் கதையில் விடுவதற்கு எதுவும் இல்லை, முடிவு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அவை நூலகத்தில், மூலையில் துளையிட்டு நூல் கோத்த தாள்களாக, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கோணல் கையெழுத்தும் ஊதா முத்திரையுமாக இதைப் படிக்கிறீர்களென்றால், மலைக்குப் பின்னால் அந்த அறை திறந்திருக்கிறது, அறுபத்து மூன்று பேர் நடந்து வந்து ரேகை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இல்லை, ஒரு கதைப் புத்தகத்தில் படிக்கிறீர்களா? அட்டையைத் திருப்பிப் பாருங்கள், படிவத்தில் போடாத என் பெயர் அங்கே இருக்கும், அந்த அறை குவாரியின் கிடங்காகியிருக்கும்.